பழைய நிலக்கரி ஊரின் நிலத்தைப் படிப்பது எப்படி: சிங்கப்பூரில் இருந்தபடியே தொடங்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் இருந்ததில்லை. ஆனால் நிலக்கரி ஊரோடு ஒட்டுறவு உள்ள தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறையவே இருக்கின்றன. ஒருவருடைய தாத்தா சிலாங்கூரில் பத்து ஆராங் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு அது மூடியபின் பிழைப்புத் தேடித் தெற்கே வந்திருப்பார், இன்னொருவருக்கு நெய்வேலிப் பக்கம் சொந்த ஊர், அப்பா காலத்து நிலத்தில் பாதி இன்று சுரங்கத்துக்குள் இருக்கும். "அங்கே என்னதான் நடந்தது, அந்த நிலம் இப்போது எப்படிக் கிடக்கிறது?" என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும், பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட்டுக்கு உதவி செய்துகொண்டிருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்க வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் திறந்த ஆண்டு, உச்சத்தில் எத்தனை டன், மூடிய ஆண்டு, இந்த மூன்றோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நிலத்தைப் பொறுத்தவரை மூடிய ஆண்டில்தான் பெரிய மாற்றங்கள் ஆரம்பமாகின்றன. பம்புகள் நிற்கும், தண்ணீர் ஏறும், குழி ஏரியாகும், மரத்தூண்கள் மக்கும், மேலே மண் இறங்கும். இதெல்லாம் பல பத்தாண்டுகள் நடக்கிற வேலை, பேப்பரில் செய்தியாக வராது. அதனால் நீங்கள் எந்த ஊரை எடுத்தாலும் மூடிய ஆண்டைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு பங்கு தேடினால் அதற்குப் பின்னால் இரண்டு பங்கு தேடுங்கள்.

உதாரணத்துக்குப் பத்து ஆராங்கையே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருக்கிறது, ஆவணங்கள் சிங்கப்பூரிலேயே கிடைக்கின்றன, தமிழர்களும் வேலை பார்த்த ஊர்.

ஊரின் சுருக்கமான கதை

பத்து ஆராங் கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரவாங், குவாங் ஊர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1908இல் அங்கே நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. மலாயன் காலியரீஸ் என்ற நிறுவனம் 1913இல் தொடங்கி 1915இல் வெட்ட ஆரம்பித்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவரின் நிறுவனம்தான் நிர்வாகம். நிலத்தடிச் சுரங்கமும் இருந்தது, மேலே இருந்து திறந்து வெட்டும் குழிகளும் இருந்தன. குவாங்கிலிருந்து தனியாக ஒரு ரயில் கிளைப்பாதை போட்டார்கள். மலாயா ரயில்களும், கோலாலம்பூர் பங்சார் மின்நிலையமும், வெள்ளீயச் சுரங்கங்களின் இயந்திரங்களும் இந்தக் கரியில் ஓடின. செங்கல் சூளையும் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் அங்கேயே வந்தன. தொழிலாளர்களில் சீனர்கள்தான் அதிகம், அவர்களோடு தமிழர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். காலனி அரசு போலீஸை அனுப்பி அதை ஒடுக்கியது. மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இது சாதாரண சம்பவம் இல்லை, இன்னும் நிறையப் பேர் இதைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும்.

அப்புறம் ஜப்பான் காலம் வந்தது. போருக்குப் பிறகு உற்பத்தி பழைய உயரத்தை எட்டவே இல்லை. ரயில் டீசலுக்கும் மின்நிலையங்கள் எண்ணெய்க்கும் மாற, 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. 1915 முதல் 1960 வரை வெளியே வந்தது ஏறத்தாழ 1.5 கோடி டன். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், கீழே இதை வைத்து ஒரு கணக்குப் போடப்போகிறோம்.

பழைய பேப்பரில் தேடுவது

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான் முதல் இடம். வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. அண்மைக் காலத்துச் செய்திகள் சிலவற்றை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும், ஆனால் நமக்கு வேண்டிய காலம் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது.

ஊர்ப் பெயரை மட்டும் தட்டித் தேடினால் ஆரம்ப காலச் செய்திகள் பாதி தவறிவிடும். பத்து ஆராங் கரியை அந்தக் காலத்தில் ரந்தாவ் பாஞ்சாங் கரி என்றும் ரவாங் கரி என்றும் எழுதினார்கள். அதனால் ஊர்ப் பெயர், பக்கத்து ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர் என்று மூன்றையும் தனித்தனியாக ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் மாறிப்போகும், எனவே ஒரு எழுத்தை மாற்றிப் போட்டும் பாருங்கள். தமிழ் முரசில் தேடும்போது இன்னும் பொறுமை வேண்டும். அந்தக் காலத்து எழுத்துமுறை வேறு, "லை", "ணை" போன்றவற்றுக்குப் பழைய கொம்பு வடிவம் இருக்கும், கணினி அதில் தடுமாறும். சொல் தேடலை நம்புவதைவிட, ஆங்கிலப் பேப்பரில் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு அதே வாரத்துத் தமிழ் முரசைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது நல்லது. 1937 வேலைநிறுத்தத்துக்கு அப்படிச் செய்தால், ஒரே சம்பவத்தை இரண்டு பேப்பரும் யார் பக்கம் நின்று பார்த்தன என்பது உங்களுக்கே தெரியும்.

எதைத் தேட வேண்டும் என்பதுதான் முக்கியம். மலாயன் காலியரீஸ் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசிய பேச்சு பங்குதாரர்களுக்காகப் பேப்பரில் நீளமாக அச்சாகும். பார்த்தால் ஈவுத்தொகையும் செலவுக் கணக்குமாக அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் நிலத்தைப் பற்றிய உண்மைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்: எந்தப் பக்கம் புதிதாக வெட்டத் தொடங்கினார்கள், எங்கே தண்ணீர் புகுந்தது, எந்தப் பகுதியை நெருப்புக்காக மூடினார்கள், மேல்மண்ணை எவ்வளவு அகற்றினார்கள். படிக்கும்போது ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, இடம், என்ன நடந்தது, யார் சொன்னது. கம்பெனித் தலைவர் சொன்னதும் அரசாங்கச் சுரங்க அதிகாரி சொன்னதும் நிருபர் எழுதியதும் ஒன்றல்ல. நான்காவது பத்தியை விட்டுவிட்டால் பிறகு எல்லாம் கலந்துபோகும்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வட்டாரத்துக் கரி, வயதில் இளைய, ஈரம் அதிகமுள்ள வகை. அதைத் தோண்டிக் காற்றுப்பட வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. வைக்கோல் போருக்குள் ஈரம் தங்கினால் உள்ளே புகைவது போலத்தான். அதனால் "தீ விபத்து" என்று செய்தி வந்தால் யாரோ பீடியைப் போட்டுவிட்டார்கள் என்று உடனே நினைத்துவிட வேண்டாம். எந்தக் குழி, எத்தனை நாள் எரிந்தது, எப்படி அடைத்தார்கள் என்று பாருங்கள். அடைத்த இடம் வரைபடத்தில் ஒரு புள்ளி, பிற்காலத்தில் அங்கேதான் மண் இறங்க வாய்ப்பு அதிகம்.

இணையத்தில் கிடைக்காதவற்றுக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போங்கள். லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் 11ஆம் மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு இருக்கிறது. மலாயாச் சுரங்கத் துறை, நிலவியல் துறை ஆண்டறிக்கைகள் வேண்டும் என்று முகப்பில் கேளுங்கள். அங்கே உள்ள நூலகர்கள் உண்மையிலேயே உதவுகிறவர்கள். "நிலக்கரி பற்றி ஏதாவது" என்று கேட்காமல் "இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, சிலாங்கூர், சுரங்க அறிக்கை" என்று குறிப்பாகக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். பழைய வரைபடங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளம். 1 அங்குலத்துக்கு 1 மைல் அளவில் வந்த மலாயா நிலவரைபடம் கிடைத்தால் விடாதீர்கள், ரயில் கிளைப்பாதையும் குழிகளும் கோடாகத் தெரியும்.

டன் கணக்கைக் குழிக் கணக்காக மாற்றுங்கள்

1.5 கோடி டன் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதை நிலமாக மாற்றிப் பார்த்தால்தான் புரியும். கணக்கு சுலபம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போடலாம்.

இந்த வகைக் கரி ஒரு கனமீட்டர் சுமார் 1.3 டன் இருக்கும். 1.5 கோடியை 1.3 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.15 கோடி கனமீட்டர். பூமிக்குள் அவ்வளவு இடம் காலியானது. ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்று 2,500 கனமீட்டர், அந்தக் கணக்கில் 4,600 குளம். இனி, கரிப் படுகை 10 மீட்டர் தடிமன் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 11.5 லட்சம் சதுரமீட்டர், அதாவது 115 ஹெக்டேர். கார்டன்ஸ் பை த பே முழுவதும் சேர்த்தே 101 ஹெக்டேர்தான். அவ்வளவு பரப்புக்கு அடியில் 10 மீட்டர் உயரத்துக்கு எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

உண்மையில் பாதிக்கப்பட்ட பரப்பு இதைவிட அதிகம். நிலத்தடியில் வெட்டும்போது கூரை விழாமல் இருக்கக் கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள், எனவே அதே டன்னுக்குச் சுரங்கம் இன்னும் அகலமாகப் பரவியிருக்கும். திறந்த குழியில் வெட்டினால் கரிக்கு மேலே உள்ள மண்ணையும் பாறையையும் முதலில் அள்ளிக் கொட்ட வேண்டும். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்குச் சுமார் 5 கனமீட்டரோ அதற்கும் மேலோ மண் அள்ளுகிறார்கள். அந்த மண் எங்கோ மலையாக நிற்கும், அந்த மலையும் நிலத்தின் மேல் ஏற்பட்ட பாதிப்புதான். ஆகவே டன் எண்ணைப் பார்த்ததும் "மேல்மண் எவ்வளவு, அது எங்கே போனது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய ஆங்கிலேய ஆவணங்களில் டன் என்றால் நீண்ட டன், 1,016 கிலோ. சில சந்தைச் செய்திகளில் பிக்கல் என்று வரும், அது சுமார் 60 கிலோ. இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு எங்கோ போய் நிற்கும்.

செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது

இது கைப்பேசியில் வேண்டாம், பெரிய திரையில் செய்யுங்கள். கூகுள் எர்த்தைக் கணினியில் இறக்கிக்கொண்டு, பழைய படங்களைக் காட்டும் கடிகாரப் படத்தை அழுத்தினால் ஆண்டுவாரியாகப் பின்னால் போகலாம். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015க்குப் பிந்தையதற்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 இன்னும் தெளிவு, 10 மீட்டர் அளவுள்ள பொருள்வரை தெரியும், கோப்பர்நிக்கஸ் தளத்தில் பார்க்கலாம். நம் வட்டாரத்தில் மேகம்தான் பெரிய தொல்லை. சிலாங்கூருக்கு ஜனவரி, பிப்ரவரி, ஜூன், ஜூலை மாதங்களைத் தேர்ந்தெடுத்தால் தெளிவான படம் கிடைக்க வாய்ப்பு கூடும்.

பத்து ஆராங் சுரங்கம் 1960இலேயே மூடிவிட்டது, எனவே செயற்கைக்கோளில் சுரங்கம் தெரியாது, மிச்சம்தான் தெரியும். அந்தப் பகுதியைச் சுற்றி நீலமும் பச்சையுமாக நிறைய நீர்நிலைகள் இருக்கும். எல்லாம் கரிக்குழி இல்லை, ரவாங், குண்டாங் பக்கம் வெள்ளீயம் தோண்டிய ஈயக்குட்டைகளும் ஏராளம். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஈயம் ஆற்று வண்டலில் கிடைப்பது, அதனால் ஈயக்குட்டைகள் பள்ளத்தாக்கு நெடுக ஒழுங்கில்லாமல், பக்கத்தில் வெள்ளை மணல்வெளியோடு இருக்கும். கரிக்குழி கரிப்படுகை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் நீண்டு, கரை செங்குத்தாக, பக்கத்தில் மேல்மண் கொட்டிய மேடுகளோடு இருக்கும். பழைய வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள், ரயில் பாதை எந்தக் குட்டைக்குப் போய் முடிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

இன்றும் வெட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானுக்குப் போங்கள், சமரிண்டா நகரைச் சுற்றி. ஐரோப்பிய ஆணையத்தின் உலக நீர்ப்பரப்புத் தளம் 1984 முதல் எங்கே புதிதாகத் தண்ணீர் தோன்றியது என்பதைத் தனி நிறத்தில் காட்டும். சமரிண்டாவைச் சுற்றி அந்த நிறம் அம்மைத் தழும்பாக இருக்கும், பெரும்பாலும் மூடாமல் விட்ட குழிகள். ஜாத்தாம் என்ற இந்தோனேசியச் சுரங்க எதிர்ப்பு அமைப்பு கிழக்குக் கலிமந்தானில் மட்டும் 1,700க்கு மேற்பட்ட குழிகளைக் கணக்கெடுத்திருக்கிறது. குழியை நிரப்பி நிலத்தைச் சீராக்க வேண்டும் என்று 2010இலேயே அங்கே அரசு விதி வந்துவிட்டது. வந்தும் அந்தக் குழிகளில் குழந்தைகள் விழுந்து இறந்துகொண்டிருக்கிறார்கள். பள்ளி விட்டுக் குளிக்கப் போன பிள்ளைகள். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. புராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள், நிலத்தின் மேல் ஏற்படும் பாதிப்பு என்பது இதையும் சேர்த்துத்தான்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது

கோலாலம்பூர் போய் கேடிஎம் கொமுட்டர் ரயிலில் குவாங் இறங்கி அங்கிருந்து வாடகைக் காரில் பத்து ஆராங் போகலாம். ஒரு பகல் போதும். காலை வெயில் சாய்வாக இருக்கும்போது போனால் மேடுபள்ளம் நிழலில் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். பழைய செங்கல் சூளைப் புகைபோக்கியும் சிதைந்த கட்டடங்களும் படம் எடுக்க அழகானவை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிலத்தைப் படிக்க வந்தவர்கள் கீழே பார்க்க வேண்டும்.

செடிகளில் தொடங்குங்கள். மேல்மண் போய், அடிமண் மேலே வந்த இடத்தில் முதலில் வருவது லாலாங் புல்லும், பின்னிக்கிடக்கும் ரெசாம் பெரணியும், ஊதாப் பூப் பூக்கும் செண்டுடுக் புதரும். நம் ஊர் புக்கிட் தீமா ஓரங்களில் சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான் என்று பலகை வைத்திருப்பார்களே, அதே செடிதான். இந்த மூன்றும் சத்தில்லாத, புளிப்பு மண்ணைத் தாங்கும். சுற்றிலும் பெரிய மரங்கள் இருக்க, ஒரு துண்டு நிலம் மட்டும் அறுபது ஆண்டு கழித்தும் பெரணியாகவே கிடந்தால் அங்கே மண் கொட்டப்பட்டிருக்கலாம். அக்காசியா மரங்கள் வரிசையாக நின்றால் யாரோ பின்னாளில் நட்டது.

மண்ணைக் கையில் எடுங்கள். கரிக்கு மேலும் கீழும் இருப்பது சாம்பல் நிறக் களிப்பாறை, தகடு தகடாகப் பிரியும். நகத்தால் நெம்பினால் உள்ளே இலை பதிந்திருக்கலாம். அந்தப் பாறையே ஓர் இடத்தில் மட்டும் செங்கல் சிவப்பாக, சுட்ட மண்பாண்டம் மாதிரி கடினமாக இருந்தால் அங்கே அடியில் கரி எரிந்திருக்கிறது. கரித் துண்டு கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம், பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள். வெயிலில் காய்ந்த கரியில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு ஓடி, அழுத்தினால் பொடியாகும். இந்தக் கரியை நீண்ட நாள் குவித்துவைக்க முடியாது என்பதன் காரணம் அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். கரியோடும் களிப்பாறையோடும் பைரைட் என்ற கந்தக இரும்புத் தாது கலந்திருக்கும். அது பூமிக்குள் இருக்கும்வரை சும்மா இருக்கும். தோண்டி வெளியே போட்டுக் காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகும். இரும்பு வெளியே வந்து படியும்போது ஓடைக் கற்களில் காவி நிறப் பூச்சு போல ஒட்டும். அமிலம் அதிகமான குளத்தில் பாசியும் மீனும் வாழாது, அதனால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். தெளிவாக இருக்கிறதே, சுத்தம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மீன்தொட்டிக் கடையில் விற்கும் அமிலச் சோதனைத் தாள் சில வெள்ளிதான், வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு குவளையில் தண்ணீரை எடுத்துத் தாளை நனைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். 7 என்றால் நடுநிலை, 4க்குக் கீழே இறங்கினால் மீன்களுக்கு ஆகாது. ஒரே குளத்தில் இரண்டு மூன்று இடங்களில் சோதியுங்கள், மழை பெய்த மறுநாள் எண் மாறியிருக்கும், அதையும் எழுதுங்கள்.

வீடுகளையும் சாலையையும் பாருங்கள். நிலத்தடிச் சுரங்கத்தின் கூரை இறங்கினால் மேலே வட்டக் கிணறு போலத் திடீரென்று குழி விழலாம், அல்லது பல ஆண்டுகளில் மெதுவாக ஒரு தாம்பாளம் போல நிலம் உட்காரலாம். இரண்டாவது வகைதான் கண்ணுக்குத் தப்பும். செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் வெடிப்பு, மூடாத கதவு, தண்ணீர் வடிய வேண்டிய பக்கம் வடியாமல் நடுவில் தேங்குவது, ஒரே பக்கம் சாய்ந்த வேலிக்கம்பங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சும்மா அஸ்திவாரக் கோளாறாக இருக்கலாம். நான்கைந்து வீடுகளில் ஒரே கோட்டில் இருந்தால் அந்தக் கோட்டைப் பழைய சுரங்க வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காமல் யார் வீட்டுச் சுவரையும் படம் எடுக்க வேண்டாம்.

சுரங்க வாய் எதற்குள்ளும் நுழையாதீர்கள். நான்கடி உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதும் வேண்டாம். மூடிக்கிடந்த கரிச் சுரங்கத்தில் ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கியிருக்கும், கார்பன் மோனாக்ஸைடும் இருக்கலாம். வாடை இருக்காது, மயக்கம் வருவதுகூடத் தெரியாது. குழி ஏரியில் குளிக்கவும் வேண்டாம், கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆழம் தலைக்கு மேலே போய்விடும்.

பெரியவர்களிடம் கேட்பது

ஆவணத்தில் இல்லாதது எல்லாம் இவர்களிடம்தான் இருக்கிறது. சுரங்கம் மூடியபோது இருபது வயது இருந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல், எனவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். "சுரங்கம் எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். சங்கு எத்தனை மணிக்கு ஊதும்? துணி காயப்போட்டால் கரி படியுமா? குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் நிறம் மாறுமா? பிள்ளைகளை எந்தப் பக்கம் போக விடமாட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி நிலத்தைப் பற்றிக் கேட்பதற்கு மிக நல்ல கேள்வி. "அந்த ரப்பர் மரத்துக்குப் பின்னாடி போகக்கூடாது, மண்ணு உள்ள வாங்கிடும்" என்று பாட்டி சொன்னால், அது எந்த அறிக்கையிலும் இல்லாத ஒரு சுரங்கக் கோடு.

வெறும் பேச்சாகக் கேட்காமல் பழைய வரைபடத்தின் பெரிய நகல் ஒன்றை மேசையில் விரித்துவிட்டுக் கேளுங்கள். லயம் எங்கே, கோயில் எங்கே, கங்காணி வீடு எங்கே என்று விரல் வைத்துக் காட்டத் தொடங்கிவிட்டால் நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். வேலைநிறுத்தம், போருக்குப் பிந்தைய மலாயா அவசரகாலம் பற்றிப் பேசச் சிலர் இன்னும் தயங்குவார்கள், வற்புறுத்த வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவர் யாருமில்லை என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழ் நேர்காணல்கள் இருக்கின்றன, சிலவற்றை இணையத்திலேயே கேட்கலாம்.

மற்ற ஊர்கள், சிங்கப்பூரும் சேர்த்து

இதே முறையில் போர்னியோ கரையோரத் தீவான லாபுவானைப் பார்க்கலாம். 1840களின் கடைசியிலிருந்து 1911 வரை அங்கே கரி எடுத்தார்கள், செங்கல் புகைபோக்கி ஒன்று இன்னும் நிற்கிறது. 1907க்குப் பிறகு லாபுவான், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நீரிணைக் குடியேற்றங்களோடு நிர்வகிக்கப்பட்டதால் கோப்புகளைச் சிங்கப்பூரில் தேடலாம். புருணையின் முவாராவில் புரூக்டன் சுரங்கம், 1888 முதல் 1924 வரை. சுமத்ராவில் சவாலுந்தோ: 1868இல் கரி கண்டுபிடித்து, பாடாங் துறைமுகத்துக்கு மலை வழியே ரயில் போட்டு, சங்கிலியால் பிணைத்த கைதிகளை வைத்து டச்சுக்காரர்கள் வெட்டிய இடம். 2019இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை ஆனது. திறந்த குழிகளில் சில இன்று கண்டி ஏரி என்று சுற்றுலா இடமாகிவிட்டன. ஒரு நிலக்கரி ஊர் மூடியபின் எப்படியெல்லாம் மாற முடியும் என்று பத்து ஆராங்கோடு ஒப்பிட இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தக் கரியெல்லாம் எங்கே போனது என்று தேடினால் சிங்கப்பூர் வந்துவிடும். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் கரி ஏற்ற நிற்கும் பெரிய துறைமுகம் இது. தஞ்சோங் பகாரில் கூலிகள் கூடை கூடையாகச் சுமந்து ஏற்றினார்கள். 1877இல் அங்கே கரிக் கிடங்குகள் பற்றி எரிந்த தீயைப் பற்றி அந்தக் காலப் பேப்பரில் படிக்கலாம். செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் 1927இல் கரியில்தான் ஓடத் தொடங்கியது. காலாங் எரிவாயு ஆலை 1862 முதல் கரியிலிருந்து வாயு எடுத்தது. 1998இல் மூடிய பிறகு காம்போங் பூகிஸில் அந்த இடத்து மண்ணைச் சுத்தப்படுத்தாமல் வீடு கட்ட முடியாது என்ற நிலை, அதுவும் கரி நிலத்தில் விட்டுப்போனதுதான். எம்ஆர்டியில் லவெண்டர் இறங்கி நடந்தே போய்ப் பார்க்கலாம்.

நெய்வேலிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 1935இல் கிணறு தோண்டும்போது தென்பட்ட பழுப்பு நிலக்கரி, 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1957இல் நேரு தொடக்கி வைத்தார், 1961இல் கரி கண்ணில் பட்டது என்பதெல்லாம் ஊரறிந்தது. நீங்கள் தேட வேண்டியது நீரை. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் அங்கே சுரங்கம் நடக்கும். எனவே ஊருக்குப் போன் போடும்போது "போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி?" என்று கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் அப்பா காலத்தில் எத்தனை அடி, இப்போது எத்தனை, பரவனாற்றில் தண்ணீர் எப்போதெல்லாம் ஓடும் என்று பத்து வீட்டில் கேட்டால் ஒரு வரைபடமே வந்துவிடும். 2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியது அந்தப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகத்தான். நிலம் கொடுத்தவர்களிடம் பட்டா நகலும் இழப்பீட்டுக் கடிதமும் இருக்கும், அனுமதி வாங்கிப் படம் எடுத்துவையுங்கள், செல் அரித்துப்போகும் முன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பழைய சுரங்க ஊரில் உங்கள் உறவினர் யாராவது நிலமோ வீடோ வாங்க நினைத்தால், மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு அதோடு நிற்காதீர்கள். மலேசியா என்றால் கனிம, புவி அறிவியல் துறையிடம் அந்த லாட் எண்ணைக் கொடுத்து, அடியில் பழைய சுரங்கம் பதிவாகியிருக்கிறதா, எத்தனை ஆழத்தில் என்று எழுத்தில் கேளுங்கள், ஊராட்சி மன்றத்திடம் கட்டடக் கட்டுப்பாடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். தரகர் வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள், பழைய சுரங்க வரைபடங்கள் அந்தத் துறையிடம்தான் இருக்கும்.